மறைக்காமல் பேசப் பழகினோம்: துபாயில் 9 வருடம்

துபாய்க்கும் நம் ஊருக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். இங்கே காலை 5 மணிக்கு எங்கள் தொழிலாளர் கேம்ப் பஸ் கிளம்பும்போது, தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணிக்குக் கிழக்கே எங்கள் வீட்டில் மணி 6.30. என் மனைவி வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு அடுப்பில் உலை வைத்திருப்பாள். இந்த 9 வருடத்தில் இந்தக் கணக்கைப் போடாத நாள் ஒன்றுகூட இல்லை. கடிகாரத்தைப் பார்த்தால் முதலில் ஊர் நேரம்தான் மனதில் வரும்.

எங்களுக்கு 2014இல் கல்யாணம். 2016 ஜனவரியில் மகள் பிறந்தாள். அவளுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது, அந்த வருடம் ஜூனில் நான் எலக்ட்ரீஷியன் விசாவில் இங்கே வந்து இறங்கினேன். ஏஜென்டுக்குக் கட்ட வாங்கிய 90,000 ரூபாய் கடன் தலைமேல் இருந்தது. சம்பளம் 1,400 திர்ஹம். அன்றைக்கு அது 25,000 ரூபாய்க்குச் சற்று மேல். ஓ.டி. பார்த்தால் கொஞ்சம் கூடும். சோனாப்பூரில் கேம்ப், ஒரு அறையில் எட்டுப் பேர், கீழும் மேலுமாகக் கட்டில். எங்கள் பக்கத்து ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது இப்படிப் போனவர்கள்தான். அதனால் போகும்போது பெரிதாக யாரும் எதையும் சொல்லித் தரவில்லை. காசு அனுப்புவது எப்படி, பெட்டி கட்டுவது எப்படி என்று சொன்னார்கள். பொண்டாட்டியோடு எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லவில்லை.

முதல் இரண்டு வருடம் நாங்கள் தினமும் பேசினோம். ஆனால் என்ன பேசினோம் என்று இப்போது யோசித்தால் நான்கு வரிதான் நினைவுக்கு வருகிறது. காசு வந்துச்சா? பாப்பா சாப்பிட்டாளா? அம்மாவுக்கு மாத்திரை வாங்கியாச்சா? நீ நல்லா இருக்கியா? அவளும் "நல்லா இருக்கோம், நீங்க?" என்பாள். நானும் "நல்லா இருக்கேன்" என்பேன். ஒருநாள் அவள், "நீங்க போன் பண்றது கணக்குப்பிள்ளை வந்துட்டுப் போற மாதிரி இருக்குங்க" என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டு வந்து பேசுகிறவனிடம் இப்படிச் சொல்கிறாளே என்று நினைத்தேன். அவள் சொன்னது எவ்வளவு சரி என்பது புரிய இன்னும் ஒன்றரை வருடம் ஆனது.

அந்த "நல்லா இருக்கேன்" என்பதற்குள் நான் எவ்வளவோ புதைத்து வைத்திருந்தேன். 2017இல் அப்போது இருந்த கம்பெனியில் மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. ஊரில் தெரிந்தால் பயப்படுவார்கள் என்று அறையில் இருந்தவர்களிடமும், கேம்பில் வட்டிக்கு விடுகிற ஒருவரிடமும் வாங்கி, ஒன்றும் நடக்காதது போல மாதாமாதம் அனுப்பினேன். அதே வருடக் கடைசியில் சைட்டில் கேபிள் ட்ரே ஏற்றும்போது தகரம் வழுக்கி இடது உள்ளங்கையைக் கிழித்தது. ஏழு தையல். இரண்டு வாரம் வீடியோவில் பேசும்போது கையைக் கேமராவுக்கு வெளியிலேயே வைத்திருந்தேன். 2018இல் முதல் லீவில் போனபோது சோறு போட்டுக்கொண்டிருந்தவள் தழும்பைப் பார்த்துவிட்டாள். "இது எப்போ?" என்றாள். "அது பழசு" என்றேன். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த மௌனத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொண்டேன். அது என் தப்பு.

அந்த வருடம் நவம்பரில் கஜா வந்தது.

புயல் கரையைக் கடந்தது 16ஆம் தேதி அதிகாலை, வெள்ளிக்கிழமை. அப்போது இங்கே வெள்ளிதான் விடுமுறை. வியாழன் இரவு இங்கே 10.30 வரை பேசிக்கொண்டிருந்தேன். "காத்துச் சத்தம் கேக்குதா?" என்று போனை ஜன்னல் பக்கம் பிடித்தாள். அம்மா முருகா முருகா என்பது கேட்டது. அப்புறம் லைன் போய்விட்டது. வெள்ளி முழுக்க அடித்துப் பார்த்தேன். சனி, ஞாயிறு டூட்டிக்குப் போனேன். எந்த ஸ்விட்ச்சை எங்கே மாட்டினேன் என்று தெரியாது. எங்கள் அறையில் எட்டில் ஐந்து பேர் பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கிப் பக்கம். ஐந்து பேரும் ஒருவர் போனை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் லைன் கிடைக்கவில்லை.

திங்கள் சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. சித்தப்பா மகன் பேராவூரணியில் ஜெனரேட்டர் ஓடிய ஒரு கடையில் போனைச் சார்ஜ் போட்டு வந்திருந்தான். அவளிடம் கொடுத்தான். "எல்லாரும் நல்லா இருக்கோம். ஓடு கொஞ்சம் பறந்துடுச்சு. நாலஞ்சு மரம் சாஞ்சிருக்கு, அவ்வளவுதான். நீங்க சாப்பிடுங்க" என்றாள். நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் அறை நண்பருக்கு ஊரிலிருந்து படங்கள் வந்தன. அதில் ஒன்றில் எங்கள் கிணறும் மோட்டார் கொட்டகையும் இருந்தன. கொட்டகைக்குப் பின்னால் இருந்த தோப்பு வானமாக இருந்தது. என் தாத்தா வைத்த 60 தென்னை. கிட்டத்தட்ட எல்லாம் வேரோடு பிடுங்கிக்கொண்டு ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தன. நின்றவற்றை எண்ணினேன். ஏழு.

அன்று இரவு சித்தப்பா மகனின் போனில்தான் பேசினோம். பேட்டரி தீரும்வரை, நாற்பது நிமிடம் இருக்கும். "ஏன் மறைச்சே?" என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. "தெரிஞ்சு அங்க என்ன பண்ணப் போறீங்க? சாப்பிடாம கெடப்பீங்க" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "உங்க கைத் தழும்ப கேட்டப்ப பழசுன்னு சொன்னீங்கள்ல" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த நாற்பது நிமிடத்தில் எல்லாம் வெளியே வந்தது. 2017இல் எனக்குச் சம்பளம் வராதது அவளுக்கு அப்போதே தெரியுமாம். அறை நண்பரின் மனைவி சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தபோது என்னிடம் கேட்டால் நான் இன்னும் கடன் வாங்குவேன் என்று, தாலிச் செயினை அடகு வைத்துச் செய்திருக்கிறாள். எனக்குத் தெரியாமல் கழுத்தில் மஞ்சள் கயிறோடு ஏழு மாதம் இருந்திருக்கிறாள். நான் லீவில் வருவதற்கு முந்தின வாரம் அவள் அண்ணனிடம் வாங்கி மீட்டுப் போட்டுக்கொண்டாளாம். நான் இங்கே வட்டி கட்டிக்கொண்டிருந்தேன், அவள் அங்கே வட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அவள் முதல் நாளே சொல்லியிருந்தால், நான் முதல் நாளே சொல்லியிருந்தால், இரண்டில் ஒன்றுக்காவது வேறு வழி பார்த்திருக்கலாம். கணக்குப் போட்டுப் பார்த்தோம். இரண்டு வட்டியும் சேர்த்து 19,000 ரூபாய் போயிருந்தது. பணம்கூடப் பரவாயில்லை. அறை நண்பரின் மனைவிக்குத் தெரிந்தது எங்களுக்குள் பேச்சாகவில்லை என்பதுதான் என்னை அன்றிரவு தூங்கவிடவில்லை.

பேட்டரி தீர்வதற்குள் ஒன்று பேசி வைத்துக்கொண்டோம். நல்லதோ கெட்டதோ, நடந்த அன்றைக்கே சொல்லிவிட வேண்டும். யாருக்குக் காய்ச்சல், எவ்வளவு கடன், யாரோடு சண்டை, எது நஷ்டம், எல்லாம். "பயப்படுவாங்க" என்று மற்றவருக்காக நாமே முடிவு செய்யக் கூடாது. பயப்படட்டும், சேர்ந்து பயப்படுவோம் என்றாள். வெளிநாட்டில் இருந்துகொண்டு குடும்பம் நடத்துவது பற்றி என்னிடம் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சொல்வது எளிது. பழக்கம் வர ஒரு வருடம் ஆனது. "நல்லா இருக்கேன்" என்பது வாயில் தானாக வரும். அதை நிறுத்தவே அவள் ஒரு கேள்வியைக் கண்டுபிடித்தாள். "இன்னைக்கு எது கஷ்டமா இருந்துச்சு?" இதற்கு "ஒன்றுமில்லை" என்று சொல்லவே முடியாது. எப்படியும் ஏதாவது இருக்கும். கால் கொப்புளம், ஃபோர்மேன் திட்டியது, சப்பாத்தி வேகாதது. நானும் அதையே அவளிடம் கேட்க ஆரம்பித்தேன். அப்போதுதான் அவள் நாள் எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரிய வந்தது. ரேஷன் கடையில் நின்றது, பம்பு செட் மோட்டார் காயில் கருகியது, என் அம்மா மூன்று நாளாக அவளோடு பேசாமல் இருந்தது.

அடுத்து, பேசும் விதம். இங்கே வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், குரல் பதிவு போகும், அழைப்பு போகாது. அமீரகத்தில் அனுமதி பெற்ற செயலிகளில்தான் இணைய அழைப்பு. நாங்கள் போட்டிம் பயன்படுத்தினோம், அதற்கு அப்போது மாதம் 50 திர்ஹம் தனியாகக் கட்ட வேண்டும். அந்த 50 திர்ஹத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கண்ட கண்ட செயலிகளை ஏற்றி, பாதியில் அறுந்து, அறுந்த கோபத்தில் சண்டை போட்டவர்கள் எங்கள் கேம்பில் நிறையப் பேர். நானும் சில மாதம் அப்படி இருந்தேன். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள் என்றுதான் சொல்வேன்.

ஆனால் எங்களை உண்மையில் சேர்த்து வைத்தது அழைப்பைவிடக் குரல் பதிவுதான். காலையில் பஸ்ஸில் சைட்டுக்குப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பாதிப் பேர் தூங்குவார்கள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் அவளுக்குப் பேசி அனுப்புவேன். முந்தின இரவு என்ன சமைத்தோம், யார் மெஸ் முறை, பஸ்ஸுக்கு வெளியே என்ன தெரிகிறது, எந்தக் கட்டிடத்துக்கு எத்தனையாவது மாடி ஏறியிருக்கிறது. அவள் அடுப்படியில் வேலை செய்துகொண்டே கேட்பாள். நடுவில் பதில் அனுப்புவாள். அதில் பின்னால் குக்கர் விசில் கேட்கும், மகள் ஜடை பின்னிவிடச் சொல்லி நச்சரிப்பது கேட்கும், மார்கழியாக இருந்தால் கோயில் ஸ்பீக்கர் கேட்கும். ஜூன் 15லிருந்து செப்டம்பர் 15 வரை இங்கே மதியம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை செய்யக் கூடாது என்று சட்டம். அந்த நேரத்தில் நிழலில் படுத்துக்கொண்டு அவள் அனுப்பியதைத் திரும்பக் கேட்பேன். நேருக்கு நேர் பேசும்போது என்ன பேசுவது என்று தேட வேண்டியிருக்கும். குரல் பதிவில் அந்தத் தவிப்பு இல்லை. சொல்ல வேண்டியது தோன்றும்போது சொல்லலாம், கேட்கத் தோன்றும்போது கேட்கலாம்.

வாரத்தில் ஒரு அழைப்பு மட்டும் எங்கள் இருவருக்கும் உரியது என்று வைத்துக்கொண்டோம். கூட்டுக் குடும்பத்தில் இது சாதாரண விஷயமில்லை. ஊருக்குப் போன் போட்டால் அது அம்மா, பாப்பா, வந்திருக்கிற மாமா என்று கைமாறி, கடைசியில் அவளிடம் வரும்போது "சரி, வைக்கட்டுமா" என்ற கட்டத்துக்கு வந்திருக்கும். கணவனோடு தனியாகப் பேச ஆசைப்படுகிறாள் என்று சொல்லவும் அவளுக்குக் கூச்சம். அதனால் நான்தான் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குத் தினமும் சாயங்காலம் தனியாகப் பேசிவிடுகிறேன், விடுமுறை நாள் ராத்திரி அவளோடு கொஞ்சம் பேச வேண்டும் என்று. அம்மா முதலில் முகம் சுளித்தார். ஆனால் தினமும் தனக்கென்று அழைப்பு வர ஆரம்பித்ததும் அவருக்கும் அது பிடித்துப்போனது. முன்பெல்லாம் அம்மாவின் சேதி மனைவி வழியாகவும், மனைவி மேல் இருக்கும் குறை அம்மா வழியாகவும் என்னிடம் வரும். அம்மாவிடம் நேராகப் பேச ஆரம்பித்ததும் அந்த வழி தானாக அடைபட்டது. ஒருவர் சொன்ன குறையை இன்னொருவரிடம் கொண்டுபோய்க் கேட்பதை அன்றோடு விட்டேன். இங்கே இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அந்த வார்த்தையோடு ஒரே வீட்டில் இருக்கப்போவது அவர்கள் இரண்டு பேரும்.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். கேம்பில் சிலர் ராத்திரி முழுக்கப் போனில் இருப்பார்கள். பார்ப்பவர்களுக்கு எவ்வளவு அன்பு என்று தோன்றும். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவனுக்குத்தான் தெரியும். "எங்க போயிருந்தே? ஏன் ரெண்டு ரிங்ல எடுக்கல? கேமராவத் திருப்பு, ரூம்ல யாரு இருக்கா காட்டு." இதுதான் பேச்சு. ஊரிலிருந்து எவனோ ஒருவன் எதையோ சொல்லியிருப்பான். அதைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து ஒரு பெண்ணைக் கட்டிப்போடப் பார்ப்பார்கள். நானும் ஒருமுறை அந்த எல்லையைத் தொட்டேன். அவளோடு பேசும்போது பின்னால் ஒரு ஆண் குரல் கேட்டது. "யாரு அது?" என்று கேட்டேன். கேட்ட தொனி எனக்கே தெரிந்தது. தேங்காய் பறிக்க வந்த ஆள், கூலி வாங்க வந்திருக்கிறார். அவள் "தேங்கா ஆளுங்க" என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டாள். மறுநாள் நான் மன்னிப்புக் கேட்டேன். குரல் பதிவில் இல்லை, அழைத்து, அவள் பேர் சொல்லி. சந்தேகத்தை அன்பு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவள் தோப்பு பார்க்கிறாள், வங்கிக்குப் போகிறாள், உரக்கடைக்குப் போகிறாள், ஆண்களோடு பேசாமல் இதில் ஒன்றும் நடக்காது. அவள் அதையெல்லாம் செய்வதால்தான் நான் இங்கே நிற்க முடிகிறது.

சண்டை வராமல் இருக்காது. எழுத்தில் சண்டை போடுவதில்லை என்பது எங்கள் வழக்கம். எழுத்துக்குத் தொனி கிடையாது, "சரி" என்ற ஒரு சொல்லைக் கோபமாகவும் படிக்கலாம். கோபம் தலைக்கேறினால் "நாளைக்கு எட்டு மணிக்குப் பேசுவோம்" என்று நேரம் சொல்லிவிட்டு வைக்கிறோம். நேரம் சொல்லாமல் வைத்தால், அடுத்த முனையில் இருப்பவர் ராத்திரி முழுக்க விழித்திருப்பார். பக்கத்தில் இருந்தால் விடியும்போது ஒரு காபியைக் கொண்டுவந்து வைத்தாலே சண்டை முடிந்துவிடும். இங்கே அந்தக் காபி இல்லை. வார்த்தையால்தான் முடித்தாக வேண்டும்.

பணத்துக்கு வருகிறேன். மாதச் சம்பளம் வந்த வாரத்தில் ஒருநாள், கணக்குக்கு மட்டும் அரை மணி நேரம். மற்ற நாட்களில் காசுப் பேச்சு இல்லை, அவசரம் என்றால் மட்டும். கணக்குப்பிள்ளை அந்த ஒருநாள் வந்து போகட்டும் என்று அவள்தான் சொன்னாள். இருவரிடமும் ஒரே கணக்கு இருக்கிறது. அவள் ஒரு நோட்டில் எழுதிப் படம் எடுத்து அனுப்புவாள், நானும் என் செலவை எழுதி அனுப்புவேன். மெஸ், ரீசார்ஜ், டீ, சிம், எல்லாம். பல பேர் அனுப்புகிற காசுக்கு மனைவியிடம் கணக்குக் கேட்பார்கள், தான் செலவழித்ததைச் சொல்ல மாட்டார்கள். அதோடு அவள் பேரில் வங்கியில் தனிக் கணக்கு ஒன்று தொடங்கி, மாதம் 2,000 ரூபாய் அதில் போடுகிறேன். அதற்குக் கணக்குக் கேட்பதில்லை. முதல் வருடம் அவள் அதைத் தொடவே இல்லை. இரண்டாம் வருடம் ஒரு தையல் மெஷின் வாங்கினாள்.

கஜாவுக்குப் பிறகு தோப்பை என்ன செய்வது என்பதில்தான் நான் பெரிய பாடம் படித்தேன். அரசு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபாயும் என்று அறிவித்தது. பட்டா, சிட்டா, மரக் கணக்கு என்று அலைந்து வாங்கியது முழுக்க அவள்தான். மறுபடி என்ன வைப்பது என்று வந்தபோது நான் நெட்டை ரகம்தான் வைக்க வேண்டும், தாத்தா வைத்தது அதுதான் என்று பிடிவாதமாக இருந்தேன். அவள் வேளாண்மை அலுவலகத்தில் விசாரித்து, நெட்டையும் குட்டையும் கலந்த ஒட்டு ரகம் சீக்கிரம் காய்க்கும், நாம் ஆறேழு வருடம் காத்திருக்க முடியாது என்றாள். இரண்டு வாரம் இழுபறி. கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள். "தண்ணி ஊத்தப் போறது யாருங்க?" அதோடு நான் விட்டுவிட்டேன். அங்கே நின்று பார்ப்பவர் முடிவு எடுக்க வேண்டும், தூரத்தில் இருப்பவர் கேட்டால் யோசனை சொல்லலாம். இதை ஏற்றுக்கொள்ள ஆண்களுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் ஏற்றுக்கொண்ட பிறகு அவள் குரலில் வந்த மாற்றத்தை நான் கேட்டேன்.

மகளைப் பற்றி எழுதாமல் இது முடியாது. 2018இல் போனபோது அவளுக்கு இரண்டரை வயது. விமான நிலையத்தில் என்னைப் பார்த்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்பா என்றால் போன். வீட்டுக்குப் போனதும் போனைக் கொண்டுவந்து என்னிடம் காட்டி, "அப்பா" என்று போனைத்தான் சுட்டினாள். கொண்டுபோன பொம்மைகளில் எதுவும் உதவவில்லை. பத்து நாள் தினமும் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்கால் வரை நடந்ததுதான் உதவியது. அவள் பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களை இணையத்திலிருந்து இறக்கி என் போனில் வைத்துக்கொண்டேன். அவள் அங்கே புத்தகத்தைத் திறப்பாள், நான் இங்கே அதே பக்கத்தைத் திறப்பேன். ஒரு பத்தி அவள், ஒரு பத்தி நான். "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்பதைவிட இது எவ்வளவோ மேல். இருவருக்கும் நடுவில் ஒரு வேலை இருந்தால் பிள்ளைகள் தானாகப் பேசுவார்கள். மூன்றாம் வகுப்பில் அவளுக்கு வாய்ப்பாடு வராதபோது அழுதது அம்மாவிடம் இல்லை, என்னிடம். அந்த அழுகை எனக்குக் கிடைத்தது பெரிய வரம்.

2020 ஏப்ரலில் எனக்கு லீவு. மார்ச் கடைசியில் விமானங்கள் நின்றுபோயின. மே மாதம் வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துப்போகும் வந்தே பாரத் விமானங்கள் தொடங்கியபோது கர்ப்பிணிகள், முதியவர்கள், வேலை இழந்தவர்கள் முதலில் போக வேண்டும் என்பது நியாயமாகத்தான் இருந்தது. நான் ஊர் போய்ச் சேர்ந்தது 2021 பிப்ரவரியில். அந்த நாட்களில் கேம்பில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தபோது, எங்கள் பழைய ஒப்பந்தம்தான் தாங்கியது. பக்கத்து அறையில் தொற்று வந்த அன்றைக்கே அவளிடம் சொன்னேன். அவள் அழுதாள். ஆனால் மறுநாள் நான் "நல்லா இருக்கேன்" என்றபோது நம்பினாள்.

லீவில் போவதும் ஒரு கலை. 30 கிலோ பெட்டியில் பால் பவுடரும் கோடாலித் தைலமும் பாதாமும் கட்டிக்கொண்டு, வரவேற்பை எதிர்பார்த்துத்தான் எல்லோரும் போவோம். முதல் வாரம் முழுக்க வந்து போகிற உறவினர்கள். கடைசி வாரம் முழுக்கப் போகிற துக்கம். நடுவில் கல்யாணம், காதுகுத்து. அவளுக்கென்று ஒரு நாள்கூட மிஞ்சாது. இப்போது போனதும் முதல் மூன்று நாள் யாருக்கும் சொல்வதில்லை, வீட்டிலேயே இருக்கிறேன். இன்னொன்று, அங்கே ஓடிக்கொண்டிருக்கிற வீட்டுக்குப் போய் "இதை ஏன் இங்க வச்சிருக்கே, அதை ஏன் அப்படிப் பண்றே" என்று திருத்தப்போகக் கூடாது. நாம் இல்லாமல் ஓடப் பழகிய வீடு அது. முதல் வாரம் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள்.

குடும்பத்தைக் கூட்டி வரலாமே என்று கேட்பார்கள். இங்கே மனைவி மக்களை ஸ்பான்சர் செய்ய மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் தங்குமிடமும் வேண்டும். நான் 2022இல் சார்ஜ்ஹேண்ட், அதாவது ஒரு சிறு குழுவை மேய்க்கிற மூத்த ஆள் ஆனபோதுகூட 2,800தான். எட்டினாலும் வாடகை, பள்ளிக் கட்டணம் போக மிஞ்சாது. அதற்குப் பதிலாக 2023 டிசம்பரில் ஒரு மாத விசிட் விசாவில் இருவரையும் வரவழைத்தேன். ஷார்ஜாவில் ரோலா பக்கம் ஊர்க்காரர் குடும்பத்தோடு ஒரு அறை. அவ்வளவு காசை இதற்குச் செலவழிக்கணுமா என்று அம்மாகூடக் கேட்டார். செலவழித்ததில் இதைவிட நல்ல செலவு எனக்கு நினைவில்லை. தேராவில் ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா என்கிற படகில் ஏறி அக்கரை போனோம். கேம்ப் வாசல்வரை கூட்டிப்போய், என் ஜன்னல் எது என்று காட்டினேன். நான் வயர் இழுத்த கட்டிடத்தை அண்ணாந்து பார்த்து, "இவ்ளோ உசரத்துலயா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் நிற்கும் இடத்தையும் பார்த்தாள். திரும்பிப் போன பிறகு எங்கள் பேச்சு மாறியது. "அந்த மஞ்ச போர்டு தாண்டிட்டீங்களா?" என்று கேட்பாள். அதுவரை நான் அவள் கற்பனையில் ஏதோ ஒரு மணல்காட்டில் இருந்தேன். முடிந்தவர்கள் ஒருமுறையாவது இதைச் செய்யுங்கள், பெட்டியில் போடும் பொருளைக் குறைத்தாவது.

கடைசியாக, எப்போது திரும்புவது என்ற பேச்சு. "இன்னும் ரெண்டு வருஷம்" என்று இருபது வருடம் இருந்தவர்களை எங்கள் மெஸ்ஸிலேயே பார்க்கிறேன். வீட்டைக் கட்டினால் மாடி கட்டத் தோன்றும். அதனால் நாங்கள் எழுதி வைத்தோம். கடன் தீர வேண்டும், தோப்பு காய்ப்புக்கு வர வேண்டும், மகள் பேரில் இவ்வளவு தொகை, வேலையை விடும்போது எனக்கு வரும் கிராஜுவிட்டி இவ்வளவு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள் என்று கணக்குப் போட்டு எழுதினோம். திரும்பும் தேதி 2026 மே என்று முடிவு செய்தோம். அந்தத் தாள் அவள் பீரோவில் ஒட்டியிருக்கிறது, அதன் படம் என் போனில் இருக்கிறது. முடிவு தேதி தெரிந்த பிரிவைத் தாங்க முடிகிறது.

போன வருடம் ஒருநாள் காலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்திருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டே பேசியிருந்தாள், தோப்பில் நடந்துகொண்டே பேசியிருக்க வேண்டும். "என்னங்க, மூணாவது வரிசையில ரெண்டு மரம் பாளை விட்ருக்கு. பாப்பாதான் முதல்ல பாத்தா. அப்புறம் இன்னொன்னு, கெணத்தோரம் நீங்க லீவுல வந்து வச்ச கன்னு இருக்குல்ல, அதுல காண்டாமிருக வண்டு அடிச்சிருக்கு. குருத்து பூரா போச்சு. பொழைக்காதுன்னு நெனைக்கிறேன். சாயங்காலம் பேசுறப்ப சொல்லலாம்னு பாத்தேன். வேணாம், இப்பவே சொல்லிடறேன்."

பஸ் கிளம்பியது. இன்னொரு முறை கேட்டுவிட்டு, குழிக்கு வேப்பம் புண்ணாக்கு இருக்கிறதா, மறுபடி வைக்கக் கன்று எங்கே வாங்கப்போகிறாய் என்று அவளிடம் கேட்டுப் பேசி அனுப்பினேன்.